விடுதலைத் தீர்ப்பையா மறைக்கச் சொல்கிறீர்கள்?

"கூகுள்ல என் பேரைத் தூக்கணும் சார், என்ன செலவானாலும் பரவாயில்லை." இணையதளங்கள் கூகுள் தேடலில் எப்படி வருகின்றன என்று கவனிக்கும் வேலை பார்ப்பவர்களிடம் ஓயாமல் வரும் கோரிக்கை இது. கேட்பவர்களில் பலர் வழக்கு நடந்து விடுதலையானவர்கள். அவர்களுடைய வேதனையில் பொய் இல்லை. சம்பந்தம் பேசும் வீட்டிலும் வேலை கேட்ட இடத்திலும் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், பழைய வழக்கு முதலில் வந்து நிற்கிறது. ஆனால் கேட்கும் மருந்து தவறு.

கூகுள் என்பது இணையம் அல்ல. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் ஏறுவதே இல்லை. பக்கம் இருப்பது பத்திரிகையின் சர்வரில், நீதிமன்றத்தின் சர்வரில். கூகுள் வைத்திருப்பது அந்தப் பக்கத்துக்கான குறிப்பு. குறிப்பை எடுத்தாலும் பக்கம் அங்கேயேதான் இருக்கும். பிங் போன்ற வேறு தேடுபொறியில் வரும், வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்க்கில் திறக்கும், பெயருக்குப் பதில் ஊரையும் குற்றப்பிரிவையும் போட்டுத் தேடினால் கூகுளிலேயே வரலாம். பணம் வாங்கிக்கொண்டு "இணையத்திலிருந்தே அழித்துத் தருகிறோம்" என்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள்.

"கோர்ட் ஆர்டர் வாங்கினால்?" என்பது அடுத்த கேள்வி. சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இது நடந்திருக்கிறது. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை இலவசமாகத் தரும் இந்தியன் கானூன் தளம் அந்தத் தீர்ப்பை எடுக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

இப்படி மறைத்தால் மிஞ்சுவது என்ன? கைதான அன்று பத்திரிகையில் வந்த செய்தி அப்படியே இருக்கும். "குற்றம் நிரூபிக்கப்படவில்லை" என்று நீதிபதி எழுதிய பக்கம் மட்டும் காணாமல் போகும். உங்களுக்காகப் பேசும் ஒரே ஆவணத்தை நீங்களே பூட்டி வைக்கிறீர்கள். அதே நிலையில் இருக்கும் இன்னொருவரின் வக்கீல் அதைத் தேடி எடுத்துக்காட்டுவதும் கடினமாகிறது.

ஐரோப்பாவின் கதை இதைவிட விசித்திரம். 1998இல் லா வான்குவார்டியா என்ற ஸ்பெயின் நாளிதழ், சமூகக் காப்புறுதிப் பாக்கிக்காக ஒருவரின் சொத்து ஏலம் போவதை அறிவித்தது. அரசு சொல்லித்தான் அந்த அறிவிப்பு வெளியானது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், அவர் பெயரில் தேடினால் வரும் முடிவுகளிலிருந்து அந்த லிங்க்கை கூகுள் எடுக்க வேண்டியிருக்கும் என்றது. நாளிதழின் பக்கமோ சட்டப்படி சரியாகவே இருந்தது. அச்சிட்டது குற்றமில்லை, வழி காட்டியது குற்றமாம். அதன்பின் எதை மறைப்பது என்று முதலில் முடிவெடுப்பது ஒரு தனியார் நிறுவனம், தலைக்குமேல் அபராதக் கத்தியோடு. அப்படி இருப்பவர் சந்தேகம் வந்தால் மறைக்கத்தான் செய்வார். 2019இல் இன்னொரு தீர்ப்பு, உலகம் முழுக்க மறைக்கும் கடமை ஐரோப்பியச் சட்டத்தில் இல்லை என்றது. ஆக, பாரிஸில் மறைந்தது சென்னையில் தெரியும்.

என் நிலைப்பாடு இதுதான். உண்மையான, சட்டப்படி வெளியான ஒன்றை யார் தேடலாம் என்று தீர்மானிக்க அரசுக்கு உரிமை இல்லை. முடிவுகளை எப்படி வரிசைப்படுத்துவது என்பது தேடுபொறியின் உரிமை. பிடிக்காவிட்டால் பிரவுசர் செட்டிங்ஸில் வேறொன்றை வைத்துக்கொள்வது நம் உரிமை, ஒரு நிமிட வேலை. (டக்டக்கோ தேடுபொறிக்கு மாறுபவர்கள் கவனிக்க: அதன் முடிவுகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்து வருபவை. சொந்த இண்டெக்ஸ், அதாவது தானே திரட்டிய பக்கப் பட்டியல், உள்ள தேடுபொறி வேண்டுமென்றால் மோஜீக் போன்றவற்றைப் பாருங்கள்.) இன்று உங்கள் பெயரை மறைக்கக் கொடுக்கும் அதிகாரம், நாளை ஒரு அமைச்சரின் பெயரை மறைக்கவும் பயன்படும். நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி வரும் இணைய முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைக்க ஏற்கெனவே விதி இருக்கிறது.

சரி, என்ன செய்வது? தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். பழைய செய்தியின் லிங்க், வழக்கு எண், தீர்ப்புத் தேதி மூன்றையும் சேர்த்துப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுங்கள். "நீக்குங்கள்" என்று மிரட்ட வேண்டாம். "விடுதலையான விவரத்தைச் செய்தியின் மேலேயே சேருங்கள்" என்று கேளுங்கள். மிரட்டலுக்கு மசியாதவர்கள்கூட இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு உண்டு. பக்கம் திருத்தப்பட்டும் தேடலில் பழைய வரியே தெரிந்தால், கூகுளின் 'காலாவதியான உள்ளடக்கம்' படிவத்தில் லிங்க்கைக் கொடுங்கள். தளம் உங்களுடையதாக இருக்கத் தேவையில்லை.

தளம் உங்களுடையது என்றால் இன்னும் எளிது, ஆனால் அதிலும் தினமும் ஒரே தப்பு. தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் டிஸ்அலோ (நுழையாதே) போட்டுவிட்டு, அதே பக்கத்துக்குள் நோஇண்டெக்ஸும் (தேடலில் காட்டாதே) வைக்கிறார்கள். உள்ளே வராதே என்று வாசலிலேயே தடுத்த பிறகு, உள்ளே ஒட்டிய நோஇண்டெக்ஸைக் கூகுள் எப்படிப் படிக்கும்? வெளியிலிருந்து லிங்க் இருந்தால் வெறும் முகவரி தேடலில் வந்துகொண்டே இருக்கும். முதலில் டிஸ்அலோவை எடுங்கள். கூகுள் மறுபடி வந்து படித்துப் போகும்வரை நோஇண்டெக்ஸ் இருக்கட்டும். பிடிஎஃப் கோப்புக்கு அதை, கோப்போடு சர்வர் அனுப்பும் குறிப்பான ஹெடரில்தான் வைக்க வேண்டும். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் உள்ள ரிமூவல்ஸ் (நீக்கக் கோரும் வசதி) ஏறக்குறைய 6 மாதத்துக்குத்தான் மறைக்கும். அதை நம்பி மூலப் பக்கத்தை அப்படியே விடாதீர்கள்.

ஒன்று வேறு வகை. சம்மதமில்லாமல் வெளியான அந்தரங்கப் படம், வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டை நகல் போன்றவை. இவை தகவல் சுதந்திரத்தில் சேராது, உங்களிடமிருந்து பறித்தவை. தயங்காமல் கூகுளின் தனிநபர் தகவல் படிவத்தை நிரப்புங்கள், படம் என்றால் 1930 உதவி எண்ணையோ சைபர் கிரைம் போர்ட்டலையோ அணுகுங்கள். எதைக் கேட்பதானாலும் தேடல் முடிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பக்கத்தைத் திறந்து, அதன் முழு முகவரியை நகலெடுத்து வாருங்கள். பாதிக் கோரிக்கைகள் அது இல்லாமல்தான் திரும்பிப் போகின்றன.