பிரெஞ்சில் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச ஏன் திணறுகிறோம்?

"ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் இதைவிட எளிதான கேள்வி கிடையாது. பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வில் ஏ1, ஏ2, பி1 என்ற முதல் மூன்று நிலைகளிலும் பேச்சுப் பகுதி உங்களைப் பற்றிய சின்ன உரையாடலோடுதான் தொடங்கும். பெயர், ஊர், குடும்பம், வேலை, அப்புறம் பொழுதுபோக்கு. புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பிக்கும் நான் மாதிரித் தேர்வு வைக்கும்போதெல்லாம் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "வாசிப்பது, பாட்டுக் கேட்பது, கிரிக்கெட்." சரி, இப்போது என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்பேன். அங்கே வண்டி நின்றுவிடும்.

இத்தனைக்கும் சொல்லுக்குக் குறைவில்லை. நீச்சல், தோட்டவேலை, மலையேற்றம், படம் வரைதல் என்று ஒரு பக்கப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். அந்தப் பட்டியலில் யாரோடு, எங்கே, எப்போது, எதை வைத்து என்பதெல்லாம் இருக்காது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு அது போதும். டெல்ஃபில் பேச்சுக்கு மட்டும் 25 மதிப்பெண். அதில் 5-க்குக் கீழே போனால் மொத்தத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தேர்ச்சி கிடையாது.

இன்னொரு சங்கடம், சொல்லும் பொழுதுபோக்கே பாதி பொய். புத்தகத்தைத் தொட்டு வருஷக்கணக்கானவர் "வாசிப்பு" என்பார், மாதிரிப் பதிலில் அப்படி இருந்ததால். உங்கள் பொழுதுபோக்கு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று தேர்வாளர் பார்ப்பதில்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. சீரியல் பார்ப்பீர்களா, அதையே சொல்லுங்கள். எந்த சீரியல், எத்தனை மணிக்கு, யாரோடு உட்கார்ந்து, யாரைப் பிடிக்காது என்று உங்களுக்கு உண்மையாகவே தெரியும். தெரிந்ததைச் சொல்ல நாலு வினைச்சொல் போதும். தெரியாததை இட்டுக்கட்ட அகராதியே போதாது.

ஒரு மாணவி, "தினமும் கோலம் போடுவேன் சார், ஆனால் அதற்குப் பிரெஞ்சில் சொல் இல்லையே" என்றார். கோலம் என்றே சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் அரிசி மாவால் வரைவது என்று சேர்த்தால் ஆயிற்று: 'ஜ தெஸின் தெ கோலம் துவான் லா மேஸோன், அவெக் து லா ஃபரின் து ரீ.' இதில் உள்ள அத்தனையும் தொடக்க நிலைச் சொற்கள். அதற்குப் பிறகு யார் கற்றுக்கொடுத்தது, எவ்வளவு நேரம் ஆகும் என்று தேர்வாளரே கேட்டுக்கொண்டு போவார். (தமிழ் எழுத்தில் பிரெஞ்சு ஒலியை முழுதாகக் காட்ட முடியாது. இங்கே எழுதியிருப்பதைக் கண்ணால் படித்து, உச்சரிப்பைக் காதால் பழகிக்கொள்ளுங்கள்.)

இப்போது வினைச்சொற்கள். நம் பிள்ளைகள் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகக் கற்கிறார்கள். பாதிக் குழப்பம் அங்கிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் கிரிக்கெட்டுக்கும் கிட்டாருக்கும் ஒரே வினை. பிரெஞ்சிலும் ஜூவே என்ற ஒரே வினைதான், ஆனால் பின்னால் வரும் ஒட்டு மாறும். விளையாட்டென்றால் 'ஜூவே ஓ கிரிக்கெட்', வாத்தியமென்றால் 'ஜூவே து லா கித்தார்'. தமிழில் கிரிக்கெட் விளையாடுகிறோம், கிட்டார் வாசிக்கிறோம். ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் யோசித்தால் எங்கே ஒட்டு மாறும் என்பது தானாகவே புலப்படும். நீச்சல், யோகா, சைக்கிள் போன்றவற்றுக்கு 'செய்' என்னும் பொருள்தரும் ஃபேர் வரும்: 'ஃபேர் து லா நத்தாசியோன்', 'ஃபேர் த்யு யோகா'. எதிர்மறையில் ஃபேரோடு வரும் இந்த ஒட்டு மட்டும் சுருங்கி வெறும் 'து' ஆகிவிடும்: 'ஜ ந ஃபே பா து ஸ்போர்', நான் விளையாட்டு எதுவும் செய்வதில்லை. இந்த வாக்கியம் நிறையப் பேருக்கு உடனே பயன்படும்.

காலத்திலும் தமிழே துணை. "மூன்று வருஷமாக யோகா செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைப் பிரெஞ்சுக்காரரும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்: 'ஜ ஃபே த்யு யோகா துப்யுயி துருவா ஸான்.' ஆங்கிலம் வழியாக வருபவர் இங்கே ஒரு கூட்டு இறந்தகாலத்தைச் செருகி மாட்டிக்கொள்வார்.

தமிழும் சில இடங்களில் காலை வாரும். நாம் நாவலையும் 'படிக்கிறோம்', கல்லூரியிலும் 'படிக்கிறோம்'. அவர்களுக்கு முன்னது லீர், பின்னது எத்யுதியே. பாட்டுக் கேட்பது எகூத்தே, கேள்வி கேட்பது துமாந்தே. டிவி பார்ப்பதற்கு ருகார்தே. தியேட்டரில் படம் பார்த்தேன் என்பதற்குப் பெரும்பாலும் வுவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதை 'விஸித்தே' என்று சொல்லிவிடுவார்கள். விஸித்தே ஊருக்கும் அருங்காட்சியகத்துக்கும்தான். மனிதர்களைப் பார்க்கப் போனால் 'ரான்த்ர் விஸித்'. ஆங்கில லைப்ரரி போல ஒலித்தாலும் லிப்ரேரி என்பது புத்தகக் கடை. இரவல் எடுக்கும் நூலகம் வேண்டுமானால் பிப்லியோதேக் என்று கேளுங்கள்.

கிழமையில் ஒரு சின்ன நுட்பம் உண்டு. 'லு திமான்ஷ்' என்றால் ஞாயிறுதோறும். 'திமான்ஷ்' மட்டும் என்றால் இந்த ஒரு ஞாயிறு. பொழுதுபோக்கு பெரும்பாலும் வாராவாரம் நடப்பதுதானே, அதனால் அந்த 'லு'வை விட்டுவிடாதீர்கள்.

தேர்வு முடிந்து பிரான்சுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. சம்பளத்தோடு கூடிய விடுமுறை அங்கே 1936-இல் சட்டமானது, அப்போது இரண்டு வாரம். 1982 முதல் ஐந்து வாரம். ஓய்வு நேரம் என்பது அங்கே உரிமை. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்பார்கள். "ஒன்றுமில்லை, தூங்கினேன்" என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அவர்கள் பக்கம் இருந்து வரும் பதில்களில் மூன்று சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும். ரான்தொனே, அதாவது காட்டுவழியிலோ மலைவழியிலோ நெடுநடை. பிரிகொலாஜ், வீட்டில் தாமே செய்துகொள்ளும் ஆணியடிப்பு, வர்ணப்பூச்சு, சில்லறைப் பழுதுவேலை எல்லாம் சேர்த்து. ஜார்தினாஜ், தோட்டவேலை. ஆளை வைத்து வேலை வாங்கிப் பழகிய நமக்கு இரண்டாவது ஒரு பொழுதுபோக்கு என்பதே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

பெத்தாங்க் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல, இங்கேயும் ஆடுகிறார்கள். கொஷொனே என்ற சின்ன மரப்பந்தை 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்கு எறிந்து, அதற்கு மிக அருகில் இரும்புக் குண்டுகளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 13 புள்ளி எடுத்தவர் வெற்றி. "ஒரு ஆட்டம் போடலாமா" என்பதற்கு 'ஃபேர் யுன் பார்த்தி' என்ற தொடரைக் கற்றுக்கொள்ளுங்கள்; சீட்டாட்டத்துக்கும் சதுரங்கத்துக்கும் அதுவே உதவும்.

குழந்தைகளை வகுப்பில் சேர்க்கவோ, நீங்களே ஏதாவது கற்கவோ செப்டம்பர் மாதம்தான் காலம். பல ஊர்களில் பள்ளி திறந்த கையோடு உள்ளூர்ச் சங்கங்கள் எல்லாம் ஒரே மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவானவை, லாப நோக்கம் இல்லாதவை. அங்கே நீச்சல், நடனம் என்ற பெயர்கள் அட்டையிலேயே எழுதியிருக்கும். உங்களுக்கு வேண்டியது கொத்திஸாசியோன் (ஆண்டுச் சந்தா), கூர் தெஸே (பணம் கட்டுமுன் பார்க்கும் ஒரு வகுப்பு), தெப்யுத்தான் (புதிதாகத் தொடங்குபவர்), லிசான்ஸ் (விளையாட்டுக் கூட்டமைப்பு தரும் உறுப்பினர் அட்டை). கூர் தெஸே உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பல சங்கங்கள் அனுமதிப்பார்கள்.

கனடாவில் குடியேற டெஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுதுபவர்களுக்கும் இந்தச் சொற்கள்தான் கைகொடுக்கும். அதன் பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் ஒரு விளம்பரத்தைக் கொடுத்து, 5 நிமிடத்துக்குத் தொலைபேசியில் விசாரிப்பதுபோலக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். இரண்டாவது பகுதி 10 நிமிடம். ஒரு நண்பரை ஏதாவது ஒன்றுக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். முதல் பகுதி விளம்பரத்தில் நாட்டிய வகுப்போ முகாமோ வந்தால், நடனம் என்ற பெயர்ச்சொல் மட்டும் தெரிந்தவருக்கு அரை நிமிடத்தில் கேள்வி தீர்ந்துவிடும். விலை, நேரம், வயது, கொண்டுவர வேண்டிய பொருள், ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று கேட்கத் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தையும் ஓட்டிவிடுவார்.

வேலை தேடுபவர்கள் பிரெஞ்சு முறையில் எழுதும் சுயவிவரத்தின் கடைசியில் 'சான்த்ர் தேந்தெரே' என்ற தலைப்பில் பொழுதுபோக்கைக் குறிப்பிடுவது வழக்கம். அதில் "சினிமா, பயணம், இசை" என்று போட்டால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். "1980-களின் தமிழ்ப் படங்கள்" என்று எழுதினால் நேர்காணலில் கேள்வி வர வாய்ப்பு அதிகம். எந்தப் படம், ஏன் பிடிக்கும், யாரோடு பார்ப்பீர்கள் என்பதற்கு நாலு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.