புரத அழிப்பியா, புரதப்பகு நொதியா?

தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களின் ஆய்வுகளைச் சுவரொட்டிகளாக வைத்திருந்தார்கள். ஒன்றின் தலைப்பு: 'தாவர வேர்களிலிருந்து புரத அழிப்பி என்சைம்களைத் தனிமைப்படுத்துதல் மற்றும் குணாதிசயப்படுத்துதல்'. பிள்ளைகள் வேலையை நன்றாகவே செய்திருந்தார்கள். தலைப்புதான் கெடுத்துவிட்டது. இந்தப் 'புரத அழிப்பி'யைப் போன வருடம் கிருஷ்ணகிரியில் ஒரு கருத்தரங்கிலும் கேட்டேன். நிலைத்துவிடும் முன் இதைப் பேசியாக வேண்டும்.

'புரத அழிப்பி' என்று இவர்கள் எழுதுவது ஆங்கிலத்தின் 'புரோட்டியேஸ்' என்ற சொல்லுக்கு. புரோட்டியேஸ் என்பது, புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பை நீர் மூலக்கூறு ஒன்றைச் சேர்த்து வெட்டும் நொதி. 'புரோட்டீன்' 1838-இல் அச்சேறிய சொல். 'முதன்மையானது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'ஏஸ்' என்ற ஈறு, பிரான்சில் பாயெனும் பெர்சோவும் 1833-இல் முளைதானியத்திலிருந்து எடுத்த டயஸ்டேஸ் என்ற, மாவுப்பொருளை உடைக்கும் நொதியின் வால். டயஸ்டேஸின் கிரேக்க மூலத்துக்குப் 'பிரித்தல்' என்று பொருள். 'என்சைம்' 1870-களில் கூனே என்ற ஜெர்மானியர் வைத்த பெயர், 'புளித்த மாவில் உள்ளது' என்ற கருத்தில். நம் 'நொதி'யும் நொதித்தலிலிருந்து பிறந்ததுதான். பாடநூலிலேயே இருக்கும் இவ்வளவு பொருத்தமான சொல்லை விட்டுவிட்டு 'என்சைம்' என்று எழுதுவானேன்?

சரி, 'அழிப்பி'க்கு வருவோம். எது அழிகிறது? புரதம் துண்டாகிறது, அதன் அமினோ அமிலங்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. பல இடங்களில் இந்த வெட்டுதான் ஒன்றை உருவாக்கவே செய்கிறது. காயம் பட்டால் ரத்தம் உறைவது எப்படி? திராம்பின் என்ற புரோட்டியேஸ், ஃபைப்ரினோஜனைக் குறிப்பிட்ட இடத்தில் நறுக்கி ஃபைப்ரினாக்குகிறது. அந்த இழைகள் பின்னிக்கொண்டு ரத்தம் கட்டுகிறது. இரைப்பையில் பெப்சினோஜன் என்ற செயலற்ற புரதம், ஒரு துண்டை இழந்த பிறகே பெப்சினாகி வேலைக்கு வருகிறது. உயிரைக் காக்கும் திராம்பினுக்கு 'அழிப்பி' என்று பெயர் வைத்தால், படிக்கிற பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுப்பது தப்புப் பாடம். கொசு அழிப்பி, களை அழிப்பி என்று பூச்சிமருந்துக் கடைப் பலகையில் எழுதும் சொல் அது.

'புரதச் சிதைப்பான்' தேவலை என்பார்கள் சிலர். எனக்கு அதுவும் உடன்பாடில்லை. முட்டையை வேகவைத்தால் புரதத்தின் மடிப்புக் குலைகிறது. பெப்டைடு பிணைப்பு அறுவதில்லை. அதையும் 'புரதச் சிதைவு' என்று எழுதுகிறார்கள். பப்பாளிக்காய்த் துண்டு போட்டுக் கறி வேகவைக்கும்போது அந்தக் காயிலுள்ள பப்பாயின் என்ற புரோட்டியேஸ் செய்வது வேறு: சங்கிலியையே அறுக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் தேர்வுத்தாளில் எதைக் கேட்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

'செரிமான நொதி'யும் இங்கே பொருந்தாது. வேருக்குக் குடல் கிடையாது. செடிக்குள் இருக்கும் புரோட்டியேஸ்கள் பழுதான புரதங்களை அகற்றுகின்றன, விதை முளைக்கும்போது சேமிப்புப் புரதத்தை எடுத்துக் கொடுக்கின்றன, பூச்சிக்கு எதிராகவும் நிற்கின்றன. செரித்தல் அவை செய்யக்கூடிய பல வேலைகளில் ஒன்று.

வேதியியல் பாடத்தில் 'நீராற்பகுப்பு' ஏற்கெனவே இருக்கிறது. நீர் சேர்ந்து பிணைப்பைப் பகுப்பது. புரோட்டியேஸ் செய்வதும் அதேதான். ஆகவே 'புரதப்பகு நொதி'. வெட்டு என்பதைச் சொல்கிறது, வெட்டப்படுவதைச் சொல்கிறது, அழிவு என்ற பழியைச் சுமத்தவில்லை. டயஸ்டேஸின் 'பிரித்த'லுக்கும் உறவாக நிற்கிறது.

அப்புறம், 'ஐசொலேஷன்' என்பதற்கு வைத்த அந்தத் 'தனிமைப்படுத்துதல்'. கொரோனா காலத்தில் வீட்டுக் கதவில் ஒட்டிய சொல்லை நொதிக்கு ஒட்டலாமா? வேரைக் கழுவி, அமிலத்தன்மை எளிதில் மாறாத குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து, மைய விலக்கியில் சுழற்றி, அம்மோனியம் சல்ஃபேட்டால் வீழ்படிவாக்கி, உப்பை நீக்கி, புரதங்களை வகைவகையாகப் பிரிக்கும் நிறப்பகுப்புத் தூணில் ஓட்டி எடுக்கிறார்கள். கேழ்வரகைப் புடைத்தெடுப்பது மாதிரிதான். இது பிரித்தெடுத்தல். (குளிர் எதற்கு என்றால், வெதுவெதுப்பில் இந்த நொதிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். சுவரொட்டியில் அதை விளக்கியிருந்தார்கள், பாராட்ட வேண்டும். இஞ்சியையும் வேர் என்றிருந்தார்கள்; அது நிலத்தடித் தண்டு.)

'கேரக்டரைசேஷன்' என்பதற்கு வைத்த 'குணாதிசயப்படுத்துதல்' இன்னும் மோசம். குணம் ஏற்கெனவே நொதியிடம் இருக்கிறது, நாம் அறிகிறோம். எந்த அமிலகாரநிலையில் (pH), எந்த வெப்பத்தில் நன்றாக வேலை செய்கிறது, மூலக்கூற்றின் எடை என்ன, எந்தத் தடுப்பான் அதை நிறுத்துகிறது என்று பார்ப்பது பண்பறிதல். பிஎம்எஸ்எஃப் என்ற தடுப்பான் நிறுத்தினால் செரீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு வெட்டும் வகையாக இருக்கலாம், இடிடிஏ என்ற தடுப்பான் நிறுத்தினால் உலோகம் தேவைப்படும் வகை, அயோடோ அசிட்டமைடு என்ற தடுப்பான் நிறுத்தினால் பப்பாயினைப் போலச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு வெட்டும் வகை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வகத்தில் கை என்ன செய்கிறது என்று ஒரு முறை நின்று பார்த்தால் 'தனிமைப்படுத்துதல்' வந்திருக்காது. இவ்வளவு சொன்னதால் பப்பாயின், அன்னாசியில் உள்ள புரோமெலைன் போன்ற தனிப்பெயர்களையும் தமிழாக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை பெயர்கள், அப்படியே இருக்கட்டும். வகையைக் குறிக்கும் சொல்தான் தமிழில், பொருள் பிசகாமல் வேண்டும்.