ஒப்புரவு: பிலாந்த்ரோபிக்குத் தமிழ் தேடிய கதை

சென்ற மாதம் நண்பர் ஒருவர் ஒரு கடித வரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் படித்த பள்ளியின் கூரையை மாற்ற வேண்டுமாம். வெளியூர் போய்ச் சம்பாதித்து நன்றாக நிலைத்துவிட்ட நாலைந்து குடும்பங்களிடம் உதவி கேட்கிற கடிதம் அது. “பரோபகார சிந்தையும் ஈகைக் குணமும் கொண்ட வள்ளல் பெருமக்களே” என்று தொடங்கியது. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: “பிலாந்த்ரோபி என்று போட நினைத்தேன். நல்ல தமிழ் இருந்தால் சொல்லுங்கள்.”

ஒரே வரியில் மூன்று சொற்களை அடுக்கியும் அவருக்கு மனம் நிறையவில்லை. நிறையாததில் வியப்பில்லை. மூன்றுமே அவர் கேட்க வந்ததைச் சொல்லவில்லை.

பிலாந்த்ரோபி (philanthropy) கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘ஃபிலோஸ்’ அன்பைக் குறிக்கும், ‘அந்த்ரோபோஸ்’ மனிதரைக் குறிக்கும். இந்தச் சொல்லை எழுத்தில் காணக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று புரோமித்தியஸைப் பற்றிய பழைய கிரேக்க நாடகம். தேவர்களின் நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்தவனைப் பாறையோடு சேர்த்து அறைகிறார்கள். மனிதரிடம் பாசம் வைக்கும் இந்தப் போக்கை இனியாவது அவன் விடட்டும் என்கிறார்கள். ஆக, அங்கே அது ஒரு குற்றச்சாட்டு. பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பணம் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோதுகூட அது பொதுவான மனித அன்புதான். 1889இல் அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி, பணக்காரராகவே செத்துப்போவது ஓர் அவமானம் என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல் உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழப் பணம் கொடுத்தார். 2010இல் பில் கேட்சும் வாரன் பஃபெட்டும், சொத்தில் பாதியையாவது கொடுத்துவிடுவதாக வாக்குத் தரும்படி கோடீஸ்வரக் குடும்பங்களை அழைத்தார்கள். 2013இல் விப்ரோவின் அசிம் பிரேம்ஜி அந்த வாக்கைத் தந்த முதல் இந்தியர் ஆனார். இன்று பிலாந்த்ரோபி என்றால் பெருஞ்செல்வர் திட்டமிட்டுப் பொது வேலைக்குப் பெருந்தொகை கொடுப்பது. எனவே வேரைப் பார்த்து ‘மனிதநேயம்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் பழைய கிரேக்கத்துக்கு நியாயம் செய்கிறார்கள், பள்ளிக்கூரைக்குச் செய்வதில்லை.

சரி, நண்பரின் மூன்று சொற்களுக்கு வருவோம். பரோபகாரம் என்பது பர, உபகாரம் என்ற இரண்டு வடசொற்களின் சேர்க்கை. பிறருக்குச் செய்யும் உதவி. தான் படித்த பள்ளி எப்படிப் ‘பிறர்’ ஆகும் என்பது என் சந்தேகம்.

வள்ளல் என்ற சொல்லில் வளமும் வண்மையும் இருக்கின்றன. ஆனால் அது ஆளைக் குறிக்கும் சொல், அதுவும் பட்டம். முல்லைக்குத் தேரை விட்ட பாரியை நினைத்து உருகலாம். பறம்பு மலையில் அந்தத் தேர் யாருக்கு என்ன பயன்பட்டது என்று கேட்கக் கூடாது. இந்தக் காலத்தில் ‘வள்ளலே’ என்று விளிப்பவர்கள் பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் பேனர் அடிப்பவர்கள்தான்.

ஈகைதான் வலுவான போட்டி. அதன் வேரான ‘ஈ’யைத் தொல்காப்பியம் தனியாக எடுத்துப் பேசுகிறது. ஈ, தா, கொடு மூன்றும் இரக்கும்போது வரும் சொற்கள். “ஈயென் கிளவி இழிந்தோன் கூற்றே, தாவென் கிளவி ஒப்போன் கூற்றே, கொடுவென் கிளவி உயர்ந்தோன் கூற்றே.” அதாவது கேட்பவர் தாழ்ந்தவரானால் ‘ஈ’ என்பார், சமமானவரானால் ‘தா’ என்பார், உயர்ந்தவரானால் ‘கொடு’ என்பார். புறநானூற்றின் 204ஆம் பாட்டில் கழைதின் யானையார் “ஈயென இரத்தல் இழிந்தன்று” என்று தொடங்குவதை இதோடு வைத்துப் பார்த்தால் ‘ஈ’யின் முதுகு வளைவு தெரிகிறது. (வீட்டில் குழந்தை ‘தா’ என்கிறது, பெரியவர் ‘கொடு’ என்கிறார். ‘ஈ’ மட்டும் பேச்சிலிருந்து போய்விட்டது. அந்தத் தொனியில் கேட்க யாருக்கும் விருப்பமில்லை போலும்.)

குறளோ ஈகையை இன்னும் இறுக்குகிறது: “வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.” இல்லாதவருக்குக் கொடுத்தால்தான் ஈகை. மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை, அளவு குறித்துக் கொடுத்து அதே அளவு திரும்ப வாங்கும் கைமாற்று. அந்தக் குறியெதிர்ப்பையை இன்றும் கண்ணால் பார்க்கலாம். ஆடி மாதத்தில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துக்குப் போனால் போதும். பந்தியில் ஆட்டுக்கறிச் சோறு, பந்தல் வாசலில் நோட்டும் பேனாவுமாக ஒருவர், போன முறை இவர் எவ்வளவு வாங்கினார் என்ற பழைய நோட்டு பக்கத்தில். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வங்கி எட்டிப் பார்க்காத காலத்திலிருந்து ஊர் தனக்குள்ளே நடத்திக்கொள்ளும் வட்டியில்லாக் கடன் அது. ஈகை மட்டும் இல்லை.

பள்ளிக்கூரைக்குப் பணம் தருவதும் இந்தக் கணக்கின்படி ஈகை ஆகாது. அங்கே வறியவர் என்று ஒருவர் கை நீட்டி நிற்கவில்லை. குறள் இதற்கு வேறு அதிகாரம் வைத்திருக்கிறது. ஈகைக்கு முந்தைய 22ஆம் அதிகாரம், ஒப்புரவறிதல்.

ஒப்புரவின் அடி ‘ஒ’, ஒத்திருத்தல். ஒப்பு, ஒத்தது, ஒப்போன் எல்லாம் ஒரே குடும்பம். ‘தா’ என்று கேட்கிற அந்தச் சமமானவரும் இந்த வீட்டுக்காரர்தான். அதே அதிகாரத்தில் “ஒத்தது அறிவான் உயிர்வாழ்வான் மற்றையான் செத்தாருள் வைக்கப் படும்” என்று வருகிறது. பரிமேலழகர் ஒப்புரவறிதலுக்கு ‘உலகநடையினை அறிந்து செய்தல்’ என்று உரை எழுதிவிட்டு, இது அறநூலில் படித்துச் செய்வதல்ல, தாமே அறிந்து செய்வது என்கிறார். அதனால்தான் தலைப்பிலேயே ‘அறிதல்’. முதல் குறளில் வரும் சொல்லோ ‘கடப்பாடு’. கைம்மாறு எதிர்பாராத கடமை. தாராள மனசு என்று யாரும் முதுகில் தட்டவில்லை. செய்ய வேண்டியதைச் செய்கிறார், அவ்வளவுதான். பிலாந்த்ரோபியில் அன்பு இருக்கிறது, கடன் இல்லை.

இந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஊருணி. “ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம் பேரறி வாளன் திரு.” உலகை விரும்பி வாழும் பேரறிவாளனின் செல்வம் ஊருணி நிறைந்த மாதிரி. ஊரார் உண்ணும் நீருக்கான குளம் என்பதால் ஊருணி. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் ஊரணி என்பார்கள். கண்மாய் வேறு, ஊரணி வேறு, கண்மாய் பாசனத்துக்கு. குடிநீர் ஊரணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. மழைத்தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலில் குப்பை போட்டால் ஊரே சத்தம் போடும். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, குடத்தின் வாயால் மேல்தூசியை இப்படி அப்படி விலக்கிவிட்டு முக்கி எடுப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அங்கே யாரும் கை நீட்டுவதில்லை. குடத்தைத்தான் நீட்டுகிறார்கள். குளம் யாருக்கும் ‘கொடுப்பதும்’ இல்லை. அது நிறைந்து கிடக்கிறது, வந்தவர் மொண்டுகொள்கிறார்.

அடுத்த குறளில் செல்வம் “உள்ளூர்ப் பழுத்த” பயன்மரம். நன்றியில் செல்வம் அதிகாரத்துக்குப் போனால் இதன் மறுபக்கம்: “நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.” யாராலும் விரும்பப்படாதவன் பணம் ஊர் நடுவே எட்டிக்காய் பழுத்த மாதிரி. நச்சுதல் விரும்புதல், நச்சு விஷம். ஒரே ஒலியில் இரண்டையும் வைத்து அடிக்கிறார். ஊருணி, உள்ளூர், நடுவூர்: பணம் எங்கே நிற்கிறது என்பதில் வள்ளுவருக்கு அத்தனை கவனம். கொடுப்பவரின் மனத்தைவிட அவர் நிற்கும் இடம் முக்கியம் என்பது போல.

ஒரு தடங்கலையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்தவத் தமிழில் ஒப்புரவு என்றால் சமாதானமாவது, பகை தீர்ந்து கூடுவது. கத்தோலிக்கர் பாவமன்னிப்பை ஒப்புரவு அருட்சாதனம் என்பார்கள். எனவே தேவாலயப் பழக்கமுள்ள வாசகர் முதலில் வேறு பொருள் கொள்ளக்கூடும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே, விலகியவர் மறுபடி ஒத்துப்போவது. ஊரைவிட்டுப் போன குடும்பத்துக்கு எழுதும் கடிதத்தில் அந்தப் பொருளும் கொஞ்சம் கலந்தால் குற்றமில்லை.

தத்துவத்தை விட்டு நடைமுறைக்கு வந்தால் சொற்கள் இன்னும் கெட்டியாகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய ‘சாவா மூவாப் பேராடு’ கொடுப்பார்கள், பெரும்பாலும் 96. ஆட்டை இடையர் வாங்கிக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கும் கிழடானதற்கும் பதில் குட்டிகள் சேர்ந்துகொள்ளும், எண்ணிக்கை 96ஆகவே நிற்கும், ஆகவே சாவா, மூவா. முதலைத் தொடாமல் வருமானத்தில் அறம் நடத்தும் இன்றைய அறக்கட்டளை நிதி இதே ஆட்டுமந்தைதான். ‘கட்டளை’ என்பதும் கோயில் சொல்தான்; குறிப்பிட்ட பூசைக்கு என்று வைக்கும் நிவந்தம், அதாவது நிலையான கொடை. இத்தகைய சாசனங்களின் கடைசியில் ‘இந்தத் தன்மம் இரட்சித்தார் பாதம் என் தலைமேலன’ என்று வரும். கொடுத்தவர், பின்னால் வந்து அதைக் காப்பவரின் காலைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். பேரை எழுதி எழுதியே டியூப்லைட் வெளிச்சத்தை மறைக்கும் ‘உபயம்’காரர்கள் ஒருமுறை இதைப் படிக்கலாம்.

வணிகர்களின் சொல் மகமை. விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடையும் பொது நிதிக்கு ஒதுக்கும். நகரத்தார் பேரேட்டில் மகமைக்கு என்று தனிக் கணக்கு. நாடார் உறவின்முறைகள் மகமைப் பணத்தில் பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிகளும் அமைத்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படி எழுந்தது. அதன் செலவுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் சேர்ந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். வந்து வாங்கிப் போவார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. பெரிய கடைக்கு மூட்டைக் கணக்கு, சின்ன வீட்டுக்குப் பிடிக் கணக்கு. ‘ஒத்தது அறிதல்’ என்பதற்கு இதைவிட நல்ல உரை பரிமேலழகரிடமும் இல்லை.

தனி மனிதர் பெருந்தொகை தந்த கதைகளும் உண்டு. காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். தன் ஊருக்கு என்ன வேண்டும் என்று அறிந்து கொடுத்ததால் அதை ஒப்புரவு என்று கூசாமல் சொல்லலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுகூட, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லிவிட்டு, தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. மகமை தெரிந்த யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கிறது.

எனவே நண்பருக்கு நான் சொன்னது இதுதான். பிலாந்த்ரோபிக்கு ஒப்புரவு. அதைச் செய்பவர் ஒப்புரவாளர். ஏழைக்கு நேரே கொடுப்பது ஈகை, தொகையைக் குறிக்க நன்கொடை. (அட்மிஷன் நேரத்தில் சில கல்லூரிகள் ‘நன்கொடை’ என்று வாங்குவதற்குக் குறியெதிர்ப்பைகூடப் பொருந்தாது.) முதல் வரியில் ‘வள்ளல் பெருமக்களே’யை அடித்துவிட்டு ‘நம் பள்ளிக்குச் செய்யும் ஒப்புரவில் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘ஈயுங்கள்’ வேண்டாம், ‘தாருங்கள்’ போதும் என்றேன்.

நேற்று டி.டி.பி. கடையிலிருந்து புரூஃப் வந்திருக்கிறது. நண்பர் போனிலேயே படித்துக் காட்டினார்: “நம் பள்ளிக்குச் செய்யும் துப்புரவில் சேர்ந்துகொள்ளுங்கள்.”

“அண்ணே, அந்தப் பையன் இப்படி ஒரு சொல்லே கிடையாதுங்கிறான். மாத்தச் சொல்லவா, இல்ல பழையபடி வள்ளல் பெருமக்களேன்னே போட்டுரவா?”

“மாத்தச் சொல்லுப்பா,” என்றேன். “இடையின ர. அடுத்த புரூஃப்ல வல்லின ற போட்டுறப் போறான்.”