வெறும் வயிற்றில் வரட்டீ, கூடவே சுகர் மாத்திரை

காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் பாலில்லாத வரட்டீ, கூடவே சுகர் மாத்திரை. எட்டரைக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது வயிறு கலக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத் தேயிலைச் சரிவில் அந்த நேரத்தில் எங்கே ஒதுங்குவது? இரண்டு நாள் பார்த்துவிட்டு, ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை 300-ஐத் தாண்டும்போது, நிறுத்திய சங்கதியை டாக்டரிடம் சொல்வதும் இல்லை. அவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதிவிடுவார்.

இப்படி வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை. அது ரத்தத்தில் இருப்பதைவிடக் குடல் சுவரில் பல மடங்கு அதிகமாகச் சேரும். எடுத்த எடுப்பில் 1000 மி.கி. போட்டால் பல பேருக்கு வயிறு தாங்காது. முதலில் 500 மி.கி. ஒரு வேளை, ஒன்றிரண்டு வாரம் பழகியபின் இன்னொரு 500 என்று டாக்டர் சொல்படி ஏற்றுவதே முறை. நாலு வாய் சாப்பிட்டபின் மாத்திரை, அதற்குமேல் மீதிச் சாப்பாடு.

அப்படியும் அடங்காவிட்டால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளையாகப் போடலாம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். மலத்தில் மாத்திரை முழுசாக வந்ததுபோல் தெரிந்தால் பயம் வேண்டாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது வெறும் கூடு.

வயிறு உப்பி, கேஸ்தான் படுத்துகிறதென்றால் அட்டையில் வோக்லிபோஸ் என்ற இன்னொரு சுகர் மருந்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். அது மாவுச்சத்துச் செரிப்பதைத் தாமதப்படுத்தும். செரிக்காத மிச்சம் பெருங்குடலில் நொதித்துக் காற்றாகும். தட்டு நிறைய உருளைக்கிழங்கும் அவரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதோடு சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கி, வேர்த்து நடுங்கினால், சீனித் தண்ணீரோ வர்க்கியோ உடனே கைகொடுக்காது; அவை செரிப்பதையும் வோக்லிபோஸ் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பொடி 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் பையில் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

வாந்தி பேதியில் எதுவும் தங்காத நாளில் மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். மார்கழிக் குளிரில் தாகமே தெரியாது. உடம்பு வறண்டு சிறுநீரகம் அடிவாங்கும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்து பாதம் மரத்துப்போகலாம். அப்படி மரத்துப்போனால் மலையில் எல்லோரும் பழியைப் பனிமேல் போட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் வெயிலிலும் மரத்துக்கொண்டே இருந்தால் பி12 ரத்தப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள்.