செலவு உச்சவரம்பு: ‘நிதி வரம்பு’ ஏன் பொருந்தாது?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் அணிகள் ஓராண்டில் செலவழிக்கும் தொகைக்கு எல்லை வைத்து, 2021 முதல் நடைமுறையில் உள்ள ‘காஸ்ட் கேப்’ விதியை நம் செய்தியாளர்கள் ‘நிதி வரம்பு’ என்று எழுதி வருகிறார்கள். அண்மையில் ஒரு விளையாட்டுச் செய்தியில் ‘அணிகளின் நிதிக்கு வரம்பு’ என்று மறுபடியும் கேட்டபோது, இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

‘கேப்’ என்பது தலையை மூடும் ஆடையைக் குறித்த பிற்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தொப்பி, மூடி என்ற பொருள்களைக் கடந்து, ‘இதற்கு மேல் போகக் கூடாது’ என்ற எல்லையையும் அது குறிக்கத் தொடங்கியது. இயந்திர மொழிபெயர்ப்பு தரும் ‘விலைத் தொப்பி’யை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

‘நிதி வரம்பு’ அப்படி ஒதுக்கிவிடக் கூடியதன்று. கேட்பதற்குச் சரியாக இருப்பதால்தான் அது பரவுகிறது. நிதி என்பது கையில் இருக்கும் பணம், திரட்டிய பணம். ஆனால் எந்த அணியும் விளம்பரதாரரிடமிருந்தோ உரிமையாளரிடமிருந்தோ எவ்வளவு பணம் பெறலாம் என்பதற்கு இந்த விதி எல்லை வகுக்கவில்லை. அது அளப்பது ஓராண்டில் காரை வடிவமைத்து, உருவாக்கி, ஓட்டுவதற்காகச் செலவழித்த தொகையை மட்டுமே. அதிலும் ஓட்டுநர்களின் ஊதியம், மிக அதிக ஊதியம் பெறும் மூவரின் சம்பளம், விளம்பரச் செலவு, பயணச் செலவு ஆகியவை கணக்கில் சேர்வதில்லை. 17.5 கோடி டாலர் என்று முதலில் முடிவான எல்லை, கொரோனாக் காலத்தில் 14.5 கோடியாகக் குறைக்கப்பட்டு 2021இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஓர் அணி தன் ஓட்டுநர்களுக்கு எத்தனை கோடி கொடுத்திருந்தாலும் அது விதிமீறல் ஆகியிருக்காது. நிதிக்கே வரம்பு என்று படித்த வாசகருக்கு இது எப்படிப் புரியும்?

ரெட் புல் அணியின் வழக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த அணி எல்லையை 18 லட்சத்து 64 ஆயிரம் பவுண்ட் தாண்டியதாக 2022 அக்டோபரில் முடிவானது. 70 லட்சம் டாலர் அபராதமும், காரின் மீது காற்று பாயும் விதத்தை ஆராயும் காற்றியக்கச் சோதனைகளில் 10 விழுக்காடு குறைப்பும் தண்டனையாக வந்தன. அங்கே எழுந்த கேள்வி ஊழியர்களின் உணவுச் செலவு போன்றவை கணக்கில் சேருமா, சேராதா என்பதுதான். அணியிடம் எவ்வளவு நிதி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

‘செலவுக் கட்டுப்பாடு’ என்பதும் சரியில்லை. ஒரு பந்தயப் பருவத்துக்கு இத்தனை எஞ்சின்கள்தான் என்று விதிப்பதும், 2009இல் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டங்களைத் தடுத்ததும் செலவுக் கட்டுப்பாடுகள். அவை செலவைக் குறைக்கும் வழிகள், தொகைக்கு எல்லை வைப்பவை அல்ல. அதே 2009இல் பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி 4 கோடி பவுண்ட் என்று எல்லை வைக்க முயன்றபோது, ஃபெராரி உள்ளிட்ட அணிகள் விலகிவிடுவோம் என்று எதிர்த்து அதைக் கைவிடச் செய்தன. முன்னதை ஏற்றவர்கள் பின்னதை எதிர்த்தார்கள் என்றால், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைப்பது வரலாற்றையே குழப்புவதாகும்.

சரியான சொல் ‘செலவு உச்சவரம்பு’. செல் என்ற வினையிலிருந்து பிறந்த செலவு, சங்கப் பாடல்களில் பயணத்தைக் குறித்தது. பிறகு கையை விட்டுச் செல்லும் பணத்துக்கும் ஆயிற்று. வரம்பு வயல் வரப்போடு உறவுடைய சொல். ‘உச்ச’ வடசொல் என்பவர்கள் ‘மேல்வரம்பு’ என்று எழுதட்டும், பொருள் கெடாது. ஆனால் நில உச்சவரம்புச் சட்டத்தை இரண்டு தலைமுறைகளாக அறிந்த தமிழருக்கு உச்சவரம்பு அயலாக ஒலிக்காது. தேர்தல் வேட்பாளர் தமிழ்நாட்டின் மக்களவைத் தொகுதியில் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பதையும் செலவு உச்சவரம்பு என்றே எழுதுகிறோம். அதை ‘வேட்பாளரின் நிதி வரம்பு’ என்று எழுத எந்தச் செய்தியாளரும் துணிய மாட்டார். அரசியல் பக்கத்தில் காட்டும் கவனத்தை விளையாட்டுப் பக்கத்தில் ஏன் கைவிட வேண்டும்?

2023இல் எஞ்சின் தயாரிப்பாளர்களுக்கு 9.5 கோடி டாலர் என்று தனி எல்லையும் வந்தது. ஃபெராரியும் மெர்சிடஸும் காரையும் எஞ்சினையும் தாமே செய்பவை. ‘இரு நிதி வரம்புகள்’ என்று எழுதினால் அவற்றுக்கு இரண்டு கருவூலங்கள் இருப்பதாகத் தோன்றும். ‘கார் செலவு உச்சவரம்பு’, ‘எஞ்சின் செலவு உச்சவரம்பு’ என்று எழுதினால் எந்தக் கணக்கு எதற்கு என்பது உடனே விளங்கிவிடும்.