காசநோய் என்று ஏமாற்றும் வயல்கிருமி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சரிதான். ஆனால் சர்க்கரை நோயுள்ள ஒருவர் சம்பா நடவுக்குப் போய்வந்தவர். வாரக்கணக்கில் காய்ச்சல் விடவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல், ஸ்கேனில் கல்லீரலிலோ மண்ணீரலிலோ சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். அங்கே மெலியாய்டோசிஸ் என்ற நோயையும் நினைத்தே ஆக வேண்டும்.

அதைத் தரும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. பித்தவெடிப்பு, சேற்றுப்புண் வழியாக உள்ளே போகும். மழைக்காற்றில் மூச்சோடும் போகும். உடம்பு திடமாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களிடம்தான் அதிகம் வேலையைக் காட்டும். தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே பெருகி, பக்கத்து செல்லையும் அதோடு ஒட்டவைத்து, வெளியே தலைகாட்டாமலே பரவும்.

1911இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் அடையாளம் கண்ட நோய் இது. இன்றும் தவறிப்போவதற்குக் காரணம், காசநோய் போலவே இருப்பது. சளியில் காசநோய்க் கிருமி இல்லாமலே அந்த மாத்திரையைத் தொடங்கிவிட்டால் மாதங்கள் வீணாகும்.

ரத்தம், சீழ், சளி, சிறுநீர், தொண்டைச் சளி எல்லாவற்றையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும். நுண்ணோக்கியில் இரு முனையும் சாயமேறி, நடு வெளிறி, ஊக்கு மாதிரி தெரியலாம். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த, ஆஷ்டவுன் எனும் கிருமி வளர்ப்பு ஊடகத்தில் மற்ற கிருமிகள் அடங்கிவிட, இது சில நாட்களில் சுருக்கம் விழுந்த ஊதாத் திட்டுகளாக வளரும். சாதாரணக் கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா என்றோ, வெளியிலிருந்து கலந்த கிருமி என்றோ ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. ஜென்டாமைசின், கோலிஸ்டின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காமல் கோ-அமாக்ஸிகிளாவ் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்கினால் லேப் உஷாராக வேண்டும். சீட்டில் 'மெலியாய்டோசிஸ் சந்தேகம்' என்று டாக்டர் எழுதும் ஒரு வரி, எந்த இயந்திரத்தையும்விடப் பெரிய உதவி என்பேன்.

சிகிச்சைக்கு இரண்டு கட்டம். முதலில் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக், குறைந்தது இரண்டு வாரம், ரத்தநாளம் வழியாக. மூளை, எலும்பு என்றால் இன்னும் நீளும். பெரிய கட்டியில் சீழை வெளியேற்ற வேண்டும். சரியான மருந்து போனாலும் காய்ச்சல் தணிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். பதறி மருந்தை மாற்றக் கூடாது. அப்புறம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். உடம்பு தேறி வயலுக்குத் திரும்பியதும் பலர் நிறுத்திவிடுவது இதைத்தான். ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமி அப்போதுதான் மறுபடி கிளம்பும். அந்த மாதங்களில் சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. சர்க்கரையையும் விடாமல் பார்க்க வேண்டும்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. வீட்டில் அவருக்குத் தனித்தட்டு, தனிப்பாய் எதுவும் வேண்டாம்.