சொன்னவருக்கு என்ன நடந்தது?

இன்சுலின் பாட்டில் நம் ஊர்களில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் ஒன்று, 100 யூனிட் இன்னொன்று. 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 10 அல்ல, 25 யூனிட்.

பல வருடங்களுக்கு முன், செட்டிநாட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், நைட் டூட்டியில் இதுதான் நடந்தது. படிப்பு முடித்து நான்கே மாதமான பெண். வார்டில் இருபத்திரண்டு நோயாளிகள், இரண்டு நர்சுகள். ஊசி போட்டுவிட்டு மூடியைக் குப்பையில் போடும்போது நிறத்தைப் பார்த்திருக்கிறாள். ஓடி வந்து என்னிடம் சொன்னாள். சர்க்கரை 48-க்கு இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம். விடிய விடிய அடிக்கடி சர்க்கரை பார்த்தோம். நோயாளி பிழைத்தார். அவள் சொன்னதால்தான் பிழைத்தார்.

காலை ரவுண்ட்ஸில் நோயாளிகள் முன்னாலேயே அவளைத் திட்டினார்கள். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டு பாட்டில்களும் ஃபிரிட்ஜில் ஒரே தட்டில்தான் இருந்தன. அதை யாரும் கேட்கவில்லை. நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் தவறுகளைப் பதியும் நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. ‘நம்மிடம் தவறே நடப்பதில்லை’ என்று நிர்வாகம் பெருமைப்பட்டது. தவறுகள் நடந்துகொண்டுதான் இருந்தன. எடுக்காத பிரஷரின் அளவு கேஸ் ஷீட்டில் ஏறியது, நேரம் தவறிய மருந்து நேரத்துக்குக் கொடுத்ததாக எழுதப்பட்டது. பயந்த பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஒரு மருத்துவமனையின் அறச்சூழல் என்று நான் சொல்வது இதைத்தான். சுவரில் மாட்டிய உறுதிமொழியைப் படித்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. உண்மையைச் சொன்ன நர்சுக்கு மறுநாள் என்ன நடந்தது என்று பார்த்தால் தெரியும். லிண்டா ஓல்சன் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் இந்தச் சூழலை அளக்க 26 கூற்றுகள் கொண்ட ஒரு படிவத்தை 1998-இல் வெளியிட்டார். சக நர்சுகள், நோயாளிகள், மேலாளர், டாக்டர், மருத்துவமனை என்று ஐந்து உறவுகளை அது விசாரிக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஐந்தில் மேலாளர் சரியாக இருந்தால் மற்றதை எப்படியாவது சமாளித்துவிடலாம்.

எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் தனியாக இருப்பார். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். உடம்புக்கு முடியாமல் சேர்த்தால் முடிவுகள் எல்லாம் போனில்தான் வரும். அப்படி ஒரு ஆச்சிக்கு வயிற்றில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். ‘அம்மாகிட்ட என்ன நோய்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்’ என்றார் மகன். டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும்போது, ‘கையெழுத்து மட்டும் வாங்கி வைங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு பத்து மணிக்கு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு என்ன ஆத்தா பண்ணப் போறாக எனக்கு? நீயாச்சும் சொல்லு” என்றார்.

என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் நோயாளிக்கு விளக்கி டாக்டர்தான் சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லியிருக்கிறது. நர்ஸ் சாட்சியாக நிற்கலாம், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், “ஒண்ணும் இல்லை ஆச்சி, சின்னக் கட்டிதான்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

சரியானது எது என்று தெரிந்தும், நிற்கும் இடம் அதைச் செய்ய விடாதபோது உள்ளே ஒரு வலி வரும். ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அறிஞர் 1984-இல் நர்சிங் அறம் பற்றி எழுதிய நூலில் அதற்கு ‘மாரல் டிஸ்ட்ரெஸ்’ என்று பெயர் வைத்தார். அறத்தடையால் வரும் மனவேதனை எனலாம். வேலைப்பளுவால் வரும் களைப்பு ஒரு நாள் தூங்கினால் போய்விடும். இது போகாது. டூட்டிக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிசையும், வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவோம், பிறகு எதுவுமே உறைக்காமல் போகும். அந்த மரத்துப்போன நிலைதான் எனக்குப் பயம். அழுகிற நர்சை மீட்டுவிடலாம். ‘எனக்கென்ன’ என்று சொல்ல ஆரம்பித்தவளை மீட்பது கடினம்.

பிறகு அவர்கள் விலகுகிறார்கள். சம்பளம் குறைவு என்பதும் உண்மை. ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. இன்னும் அந்தத் தொகையைக் கண்ணில் பார்க்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் வேலையை விட்டுப் போகும்போது என்னிடம் தனியாகப் பேசியவர்கள் சம்பளத்தைவிட அவமானத்தைத்தான் அதிகம் பேசினார்கள். சிலருடைய அசல் சான்றிதழ்களை மருத்துவமனையே வாங்கிப் பூட்டி வைத்திருந்தது. அது தவறு. கேட்டு வாங்குங்கள், கொடுக்கவும் சம்மதிக்காதீர்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும் தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சம்பளம் பேசி முடித்ததும், “இங்கே தவறு நடந்தால் யாரிடம் சொல்லணும்? கடைசியாகச் சொன்னவங்க இப்போ எங்கே வேலை பார்க்கிறாங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். டாக்டர் உங்கள் அம்மாவிடம் பேசும் நேரத்தில் போனில் கூட இருங்கள். சொல்ல வேண்டாம் என்ற பாரத்தை நைட் டூட்டி பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள்.

அடுத்து நான் சேர்ந்த இடத்தில் அதே இன்சுலின் குழப்பம் ஒருமுறை வந்தது. அங்கிருந்த பெரிய டாக்டர் திட்டவில்லை. “ஃபிரிட்ஜைத் திறங்க, பார்ப்போம்” என்றார். அன்றே 100 யூனிட் பாட்டில்கள் வேறு டப்பாவுக்குப் போயின, ஆரஞ்சு மூடி ஊசிகளும் அதற்குள்ளேயே. இன்சுலினை இருவர் பார்த்த பிறகே போடுவது என்று வழக்கமானது. செலவு ஒரு பிளாஸ்டிக் டப்பா.

இப்போது நான் பொறுப்பில் இருக்கும் வார்டிலும் தவறுகளைப் பதியும் நோட்டு ஒன்று இருக்கிறது. போன வாரம் அதில் ஒரு புதுப் பெண் எழுதியிருந்தாள்: ‘இரண்டாம் படுக்கை மாத்திரையை மூன்றாம் படுக்கைக்கு எடுத்துப் போனேன். பெயர் கேட்டபோது தெரிந்தது. கொடுக்கவில்லை.’ காலையில் டூட்டி மாறும்போது எல்லோர் முன்னாலும் அவளையே வாசிக்கச் சொன்னேன். குரல் நடுங்கியது. வாசித்து முடித்ததும் சீனியர் ஒருத்தி, “எனக்கும் போன மாசம் இப்படித்தான் ஆச்சு, நான் எழுதலை” என்றாள். நோட்டை அவள் பக்கம் தள்ளினேன்.